யார் வீட்டுக் காசில் எழுந்தது மலாயாப் பல்கலைக்கழகம்?

"வெள்ளைக்காரன் போகிற போக்கில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்" என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கூட்டம் நிற்கிறது. "எங்க வரிப்பணத்துலதானே நீங்க படிக்கிறீங்க" என்று தலித் மாணவனைப் பார்த்துச் சொல்கிற கூட்டம். இரண்டு பேச்சுக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்குத்தான். கொடுத்தவன் மேலே, வாங்கினவன் கீழே. கொடுத்தவனுக்குக் கல்வெட்டு, வாங்கினவனுக்கு ஆயுசுக்கும் நன்றிக்கடன்.

இந்தக் கணக்குப் புத்தகத்தை ஒருமுறையாவது நாம் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க வேண்டும். வரவுப் பக்கத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொள்வது 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப்போர் சீரழித்துப் போட்ட இரண்டு கல்லூரிகளை ஒன்றாகச் சேர்த்து எழுப்பப்பட்டது அது. அந்நிய தேசத்துப் பல்கலைக்கழகத்தில் நமக்கு என்ன சோலி என்று கேட்கலாம். சோலி இருக்கிறது. அந்த தேசத்துக் கஜானாவை நிரப்பிய ரப்பர் மரத்தை விடியற்காலையில் வெட்டியது நம்ம சனம். தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆற்காடு, செங்கல்பட்டுச் சேரிகளிலிருந்து கப்பலேறிய சனம்.

கல்வெட்டில் இருக்கிற பெயர்கள்

முதலில், கல்லில் ஏறிய பெயர்களைப் பார்ப்போம். 1904-இல் டான் ஜியாக் கிம் என்ற சீன வணிகர் தலைமையில் சிங்கப்பூர்ப் பிரமுகர்கள் ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். 87,077 வெள்ளி திரட்டினார்கள். அதில் 12,000 வெள்ளி டான் ஜியாக் கிம் கொடுத்தது. 1905-இல் பள்ளி தொடங்கியது. பிறகு அதுவே ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரி ஆனது. சிங்கப்பூர் பிரிட்டிஷ் கைக்கு வந்து நூறாண்டு ஆனதன் நினைவாக 1919 வாக்கில் முடிவான இன்னொரு கல்லூரி ராஃபிள்ஸ் கல்லூரி. 1928-இல் மாணவர்கள் சேர்ந்தார்கள். ஜாவாவின் சர்க்கரை முதலாளி ஓய் தியோங் ஹாம் 1,50,000 வெள்ளி கொடுத்தார். மனாசே மேயரும் 1,50,000 கொடுத்தார். இருவர் பெயரிலும் கட்டடம் எழுந்தது.

அவர்கள் கொடுத்தார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. பணக்காரன் எவனும் கொடுக்காத காலத்தில் கொடுத்தார்கள், இருக்கட்டும். ஆனால் கொடை என்பது நடுவழியில் ஆரம்பிக்கிற கதை. பணம் பணக்காரன் கையில் இருக்கிற இடத்திலிருந்துதான் அது தொடங்கும். அந்தக் கைக்கு அது எப்படி வந்தது என்ற முன்கதையைச் சொல்லாது. மருத்துவப் பள்ளி தொடங்கிய அந்த ஆண்டுகளில் நீரிணைக் குடியேற்ற அரசின் வருமானத்தில் பாதிக்கு அருகில் அபினிலிருந்து வந்தது. அபினைப் புகைத்தவன் யார்? மூட்டை தூக்கிய, ஈயச் சுரங்கத்தில் மண் அள்ளிய, ரிக்‌ஷா இழுத்த சீனக் கூலி. அவன் நுரையீரலைக் கரைத்த காசில் அரசு நடந்தது, அந்த அரசு டாக்டர்களைப் படிக்கவைத்தது. இதை எந்தக் கல்வெட்டில் செதுக்குவது?

கல்லில் ஏறாத பெயர்கள்

தமிழ்க் கூலியின் கதை இதைவிட மோசம். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம். கங்காணி ஊருக்கு வந்து, "அங்க தேங்காயும் மாசியும் கொட்டிக்கிடக்கு" என்று ஆசை காட்டிக் கூட்டிப்போவான். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து அந்தப் பணத்தில் கூலிக்குக் கப்பல் செலவு. ஆள் வரத்துக்கு நிதி இருந்தது, அரசாங்க ஏற்பாடு இருந்தது, ரஜூலா என்ற கப்பலும் இருந்தது. வந்த ஆளின் பிள்ளை படிக்க என்ன இருந்தது?

1923 தொழிலாளர் சட்டம் சொன்னது: ஏழிலிருந்து பதினாலு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கிற தோட்டத்தில் முதலாளி ஒரு பள்ளி வைக்க வேண்டும். வைத்தார்கள். ஒரு தகரக் கொட்டகை. கங்காணியோ, கிராணியோ, கொஞ்சம் எழுத்துத் தெரிந்த எவனோ ஒருவன் வாத்தியார். நாலாம் வகுப்பு, மிஞ்சிப்போனால் ஆறாம் வகுப்பு. தமிழில் மட்டும். அதற்கு மேல் போகவேண்டுமானால் ஆங்கிலப் பள்ளி. அது பட்டணத்தில் இருக்கிறது. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் பிள்ளை எப்படிப் போகும்? ஃபீஸ் யார் கட்டுவது? ஆணுக்கு நாளைக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு. 1920-களின் கடைசியில் நிர்ணயித்த 'நியாயக் கூலி' அது.

ராஃபிள்ஸ் கல்லூரி 1929-இல் முறைப்படி திறப்பு விழாக் கண்டது. அதே ஆண்டுக் கடைசியில் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. ரப்பர் விலை விழுந்தது. விழுந்ததும் முதலாளி செய்த முதல் வேலை கூலியைக் குறைத்தது. இரண்டாவது வேலை ஆளைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது. 1930-இலிருந்து மூன்றே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிழிந்த சக்கையைத் தூக்கி எறிகிற மாதிரி.

தோட்டத்துக்குள் சாதி செத்துப்போச்சா? கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சொன்னவர்கள் லயத்தைப் பார்த்ததில்லை. பல தோட்டங்களில் பறையர் லயம் தனி. கோயிலில் நிற்கிற இடம் தனி. கங்காணி பெரும்பாலும் ஊரில் நிலம் வைத்திருந்த சாதிக்காரன். ஊரில் பண்ணையார் செய்ததை அங்கே கங்காணி செய்தான், அவனுக்கு மேலே துரை செய்தான். நம்ம சனம் இரண்டு பேருக்கும் கீழே.

ஆனால் அவர்கள் வாய்மூடிக் கிடக்கவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தது. கோரிக்கைகளைப் படித்தால் உடம்பு சிலிர்க்கும். சீனருக்குச் சமமான கூலி கொடு. பெண்களிடம் கைவைக்காதே. கள்ளுக்கடையை மூடு. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்புக் கொடு. துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழி. நம் ஊரில் செருப்பைக் கையில் எடு, துண்டை இடுப்பில் கட்டு என்று சொன்ன அதே சட்டம் அங்கே சைக்கிள் ஏறி வந்திருக்கிறது! கூலியும் மானமும் படிப்பும் ஒரே மனுவில் இருந்ததைக் கவனியுங்கள். பதில் என்ன? தலைவர் ஆர்.எச். நாதனை நாடுகடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, ஆள் செத்தது.

"பிள்ளைகளுக்குப் படிப்பு" என்று கேட்டதற்குக் குண்டு கிடைத்தது. எட்டு ஆண்டு கழித்து அதே அரசு பல்கலைக்கழகம் திறந்தது. இதற்குப் பெயர் கொடையா?

போர் எதை அழித்தது?

1941 டிசம்பர் 8-இல் ஜப்பான் படை இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. அதற்கு முந்தின நாள் மருத்துவ மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் செத்தார். அவரைப் புதைக்கப்போன இடத்தில் மறுபடி குண்டு விழுந்து இன்னும் பத்துப் பேர் செத்தார்கள். அந்தப் பதினோரு மாணவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, இருக்கவேண்டியதுதான். ராஃபிள்ஸ் கல்லூரியை ஜப்பான் ராணுவம் எடுத்துக்கொண்டது. போர் முடிந்து மருத்துவக் கல்லூரி 1946 ஜூனிலும், ராஃபிள்ஸ் கல்லூரி அக்டோபரிலும் திறந்தன. புத்தகம் போச்சு, கருவி போச்சு, கட்டடம் பாழாச்சு என்று பட்டியல் போட்டார்கள்.

தோட்டத்தில் போனதற்கு யார் பட்டியல் போட்டது?

1942 அக்டோபர் தொடங்கி ஓர் ஆண்டில் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான் ஜப்பான்காரன். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனான். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலரா, வயிற்றுப்போக்கு, பட்டினி, அடி. எத்தனை ஆயிரம் பேர் திரும்பவில்லை என்பதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். என் பாட்டியின் அண்ணன் ஒருவர் மலாயாவுக்குப் போனவர். "சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போனாங்க, அப்புறம் தாக்கல் இல்ல" — அவர் வாழ்க்கை வரலாறு மொத்தமும் இந்த ஒரு வரிதான். தாய்லாந்தில் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏழாயிரம் பேருக்கு அருகில் வரிசை வரிசையாகக் கிடக்கிறார்கள். பெயர் தெரிந்தவனுக்கெல்லாம் பெயர் பொறித்திருக்கிறது. புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். நம்மவன் மூங்கில் காட்டுக்குள் குழியோடு குழியாகப் போனான்.

1951 சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவுப்படி போர்க் கைதியாக இருந்த படைவீரர்களுக்கு இழப்பீடு வந்தது. பிரிட்டிஷ் வீரனுக்கு 76 பவுன் சொச்சம். அதுவும் அற்பத் தொகைதான், அவர்களும் பிற்காலத்தில் அதற்காகப் போராடினார்கள். ஆனால் கூலிக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. அவன் சிப்பாய் இல்லையாம். சிப்பாய் போட்டதும் அதே தண்டவாளம், கூலி போட்டதும் அதே தண்டவாளம். சாவிலும் சாதி பார்க்கத் தெரிந்தவர்கள் நாம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே!

ஆண்கள் சயாமுக்குப் போனபிறகு தோட்டத்தில் பெண்கள் மரவள்ளிக்கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். கட்டத் துணியில்லாமல் சாக்கைக் கட்டிக்கொண்டார்கள். போர் முடிந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். வந்ததும் முதல் காரியமாக ஜப்பான் அடித்த வாழைமர நோட்டு செல்லாது என்றான். மூன்றரை ஆண்டு உழைத்துச் சேர்த்தது ஒரே நாளில் வெற்றுக் காகிதம். ஆனால் ரப்பர் கம்பெனிக்கும் ஈயக் கம்பெனிக்கும் போர் இழப்பீடு உண்டு. மரம் போனால் இழப்பீடு, இயந்திரம் போனால் இழப்பீடு, மரம் வெட்டிய மனுசன் போனால்?

கமிஷனும் டாலரும்

போர் நடந்துகொண்டிருக்கும்போதே லண்டனில் நீதிபதி ஆஸ்குவித் தலைமையில் 1943-இல் கமிஷன் போட்டார்கள். காலனிகளுக்கு உயர்கல்வி எப்படி அமைய வேண்டும் என்று 1945-இல் அறிக்கை வந்தது. சுயாட்சிக்குத் தலைவர்களைத் தயார் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு காலனி வளர்ச்சி நலச் சட்டத்தில் எல்லாக் காலனிகளுக்கும் சேர்த்துப் பத்தாண்டுக்கு 12 கோடி பவுன் ஒதுக்கினார்கள். 1947-இல் மலாயாவுக்கென்று தனிக் கமிஷன். தலைவர் கார்-சாண்டர்ஸ். அண்ணல் அம்பேத்கர் படித்த லண்டன் பொருளியல் பள்ளியின் இயக்குநர் அவர். இரண்டு கல்லூரிகளையும் இணைத்து உடனே முழுப் பல்கலைக்கழகம் ஆக்கலாம் என்று சொன்னார். ஜொகூர் பாருவில் புது வளாகம் கட்டலாம் என்றும் சொன்னார். வளாகம் வரவில்லை. பல்கலைக்கழகம் சிங்கப்பூரிலேயே பழைய இடங்களில் நடந்தது.

லண்டன் பணம் கொடுத்ததே, அது கொடைதானே என்பார்கள். சரி, அந்த நேரத்தில் லண்டன் யார் தோளில் நின்றுகொண்டிருந்தது? போரில் பிரிட்டன் கடனாளி ஆகிவிட்டது. அமெரிக்காவிலிருந்து சாமான் வாங்க டாலர் வேண்டும். டாலர் எங்கிருந்து வந்தது? அமெரிக்கா வாங்கிய மலாயா ரப்பரிலிருந்தும் ஈயத்திலிருந்தும். பிரிட்டிஷ் காலனிகளிலேயே அதிகம் டாலர் ஈட்டிய நாடு மலாயா. அந்த டாலர் மலாயாவுக்குப் போகவில்லை. ஸ்டெர்லிங் வட்டாரத்தின் பொதுப் பானைக்குள் போனது. பானையின் அகப்பை லண்டன் கையில். காலனிகளுக்கு உரிய ஸ்டெர்லிங் இருப்பு லண்டனில் குவிந்தது. போர் முடிந்து பத்தாண்டில் அது இரண்டு மடங்குக்கும் மேல் பெருகியது. அதாவது, ஏழை பணக்காரனுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தான். பணக்காரன் அந்தக் கடனிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து 'வளர்ச்சி நலம்' என்று பெயர் வைத்துத் திருப்பிக் கொடுத்தான். நம்மூர் வட்டிக்காரன் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி.

ஆண்டுதோறும் ஆகிற செலவை மலாயா, சிங்கப்பூர் அரசுகள் ஏற்றன. மலாயா அரசின் வருமானத்தில் ரப்பர் ஏற்றுமதி வரி பெரும் பங்கு. 1950 ஜூனில் கொரியாப் போர் வந்து ரப்பர் விலை எகிறியபோது கஜானா இன்னும் நிறைந்தது. வரி கட்டியது கம்பெனி என்று எழுதியிருக்கும். கம்பெனியா மரத்தில் கத்தி வைத்தது? விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுவுக்கும் அட்டைக்கும் உடம்பைக் கொடுத்து, மங்கில் சொட்டிய பாலை வாளியில் ஊற்றிக் காண்டாவில் சுமந்து கொண்டுவந்து ஆலையில் சேர்த்தது யார்? ஒட்டுப்பாலைக்கூட விடாமல் சுரண்டிச் சேர்த்தது எந்தப் பெண்ணின் விரல்? ஒவ்வொரு மாணவனின் மேசையிலும் அந்தப் பால் சொட்டியிருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு அறக்கட்டளை நிதி திரட்டினார்கள். ரப்பர் அதிபர் லீ கோங் சியான் போன்றவர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். 'ரப்பர் அதிபர்' என்ற இரண்டு சொல்லிலேயே மொத்தக் கதையும் இருக்கிறது. ரப்பருக்கு அதிபர் உண்டு, ரப்பருக்குக் கூலியும் உண்டு. நிதிப் பட்டியலில் முதல் ஆள் மட்டும் வருவார்.

இரண்டு தேதிகள்

1949 மே 4. கோலாலம்பூர் புடு சிறை. தஞ்சாவூர் மண்ணில் பிறந்த எஸ்.ஏ. கணபதியைத் தூக்கில் போட்டார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1948 ஜூனில் அவசரநிலை வந்தது, சம்மேளனம் சட்டவிரோதமானது. கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பது வழக்கு. அதற்கு முந்தின நாள்தான் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

1949 அக்டோபர் 8. சிங்கப்பூர். மலாயாப் பல்கலைக்கழகத் தொடக்க விழா. மால்கம் மெக்டொனால்ட் வேந்தர்.

நடுவில் ஐந்தே மாதம். இரண்டையும் நடத்தியது ஒரே ஆட்சி. சுயாட்சிக்குத் தலைவர்களை உருவாக்கப் பல்கலைக்கழகம் கட்டுகிறேன் என்றவன், தோட்டத்திலும் துறைமுகத்திலும் கூலிகளே உருவாக்கிக்கொண்ட தலைவர்களைத் தூக்கில் தொங்கவிட்டான். எந்தத் தலைவன் வேண்டும், எந்தத் தலைவன் வேண்டாம் என்பதில் காலனி அரசுக்குத் தெளிவு இருந்தது. ஆங்கிலப் பள்ளி வழியாக வருகிறவன் வரலாம். லயத்திலிருந்து வருகிறவன் வரக்கூடாது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த 'இந்தியர்' யார் என்று பார்த்தாலும் இதுதான் தெரியும். பட்டணத்து உத்தியோகக் குடும்பங்கள், யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் கிராணி வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வந்தவர்களின் பிள்ளைகள். பால்வெட்டுக்காரன் பிள்ளை அங்கே அபூர்வம். புள்ளிவிவரத்தில் எல்லாரும் 'இந்தியர்'. இந்த ஒரே சொல்லுக்குள் லயம் காணாமல் போய்விடுகிறது.

தமிழுக்குக் கொடுத்த காசு

இந்தக் கதையில் நம்மவர்கள் நேராகவே பணம் போட்ட அத்தியாயம் ஒன்று உண்டு. 1950-களில் இந்திய ஆய்வியல் துறை தொடங்குவது என்று பேச்சு வந்தபோது எந்த மொழியை வைப்பது என்ற கேள்வி எழுந்தது. யோசனை சொன்ன வரலாற்றுப் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்தின் பக்கம் நின்றார். மலாயாவில் சமஸ்கிருதம் பேசுகிற ஒரு தோட்டம் உண்டா? 'இந்தியா' என்றாலே சமஸ்கிருதம் என்கிற பார்ப்பனிய மூளை கடல் தாண்டியும் அப்படியேதான் வேலை செய்தது. 1935-இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய, சுயமரியாதை இயக்கத்துக்காரரான கோ. சாரங்கபாணி எதிர்த்து நின்றார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்க, தோட்டத்துச் சனமும் சிறுகச் சிறுகப் போட்டது. 1956-இல் துறை வந்தது, தமிழ் இடம்பிடித்தது. 1966-இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்ததற்குப் பின்னாலும் அந்தப் பல்கலைக்கழகத்துத் தமிழ் இருக்கிறது. தனிநாயகம் அடிகள் அப்போது அங்கேதான் துறைத்தலைவர்.

தன் பிள்ளை அந்த வாசலை மிதிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒரு பால்வெட்டுக்காரி முந்தானையிலிருந்து காசை அவிழ்த்துப் போட்டிருக்கிறாள். மலாயாப் பல்கலைக்கழக வரலாற்றில் கொடை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். மிச்சத்தை எடுத்துக் கொடுத்தவர்கள் பலர் உண்டு. இவள் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

இங்கே நம் தமிழ் உணர்வாளர்களிடமும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். கடாரம் கொண்டான் என்று ராஜேந்திர சோழனுக்கு மேடைதோறும் மாலை போடுகிறீர்கள். கடாரம் என்று நீங்கள் சொல்கிற அந்தக் கெடாவில் 1946, 47-இல் தோட்டத் தொழிலாளிகள் தொண்டர் படை என்று ஒன்றைக் கட்டினார்கள். கள்ளுக்கடையை மறித்தார்கள், போலீசிடம் அடிபட்டார்கள், உயிரை விட்டார்கள். அதற்கு எந்த மேடை? கப்பலில் படை கொண்டுபோனவன் உங்களுக்குத் தமிழன். கப்பலின் அடித்தளத்தில் அடைந்து போனவன் யார்? அவன் சேரிக்காரன் என்பதால்தானே உங்கள் வீர வரலாற்றில் அவனுக்கு இடம் இல்லை? தமிழுக்குத் துறை வந்தது என்று பெருமைப்படுகிற கட்டுரைகளில் தமிழுக்குக் காசு போட்ட சனத்தின் சாதி ஏன் பேசப்படுவதில்லை? 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு என்று வந்து, அறுபதாயிரம் பேரளவில் மலாயாவை விட்டுக் கிளம்பி ஊர் திரும்பினார்களே, அவர்களை எந்தத் தமிழ் உணர்வு துறைமுகத்தில் வந்து வரவேற்றது?

அண்ணல் போட்ட கணக்கு

ஏறக்குறைய அதே காலத்தில் டெல்லியில் ஒருவர் இந்தக் கொடைக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். 1942-இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரான அம்பேத்கர், அந்த ஆண்டே தாழ்த்தப்பட்டோர் குறைகளைச் சொல்லி வைசிராய் லின்லித்கோவுக்கு ஒரு நீண்ட மனுக் கொடுத்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் ஆண்டுக்கு மும்மூன்று லட்சம் ரூபாய் அரசு கொடுக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறது என்று கேட்டார். கெஞ்சிக் கேட்கவில்லை, கணக்குப் போட்டுக் கேட்டார். தாழ்த்தப்பட்ட மாணவர்களின் மேல்படிப்புக்கு அதே 3 லட்சம் ரூபாய் உதவித்தொகையாக ஒதுக்கப்பட்டது. சிலர் வெளிநாடு சென்று படிக்கவும் வழி பிறந்தது. இன்று நம் பிள்ளைகள் வாங்குகிற போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் அதுதான்.

அவர் அதோடு நிற்கவில்லை. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946 ஜூன் 20-இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரி திறந்தது. போர் முடிந்து காலியான ராணுவக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரி மறுபடி திறந்ததும் அதே 1946 ஜூன். போருக்குப் பிந்திய கல்விக் கட்டுமானம் என்றால் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று மேலிருந்து கட்டியது, கமிஷனும் வேந்தரும் கல்வெட்டும் கொண்டது. மற்றது கீழிருந்து கட்டியது. உழைக்கிறவன் பிள்ளை காலையில் வகுப்புக்கு வந்துவிட்டுப் பகலில் வேலைக்குப் போகலாம் என்று நேரம் வகுத்துக் கட்டியது.

பாக்கி யாருக்கு?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். "எங்க வரிப்பணத்துல படிக்கிறீங்க." யார் வரி? சேரிக்காரன் சோப்பு வாங்கினாலும் வரி, தீப்பெட்டி வாங்கினாலும் வரி. அதைவிடப் பெரியது அவன் வாங்காமல் விட்ட கூலி. பண்ணையில், தேயிலையில், ரப்பரில், செங்கல் சூளையில், சாக்கடையில் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்காமல் விட்ட கூலிதான் இந்தச் சமூகத்தின் மூலதனம். அந்த மூலதனத்தின் மேல்தான் உங்கள் கல்லூரியும் உங்கள் 'தகுதி'யும் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியிருக்க இன்றைய நிலைமை என்ன? ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17-இல் இறந்தபோது ஏழு மாத உதவித்தொகை அவருக்கு வரவேண்டியிருந்தது. 1,75,000 ரூபாய். அவர் எழுதிவைத்த கடைசிக் கடிதத்திலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. சாகப்போகிற மாணவன் தனக்கு வரவேண்டிய பாக்கியை எழுதிவைத்துவிட்டுச் சாகிறான். அந்தப் பாக்கியிலிருந்து தன் கடனை அடைக்கச் சொல்கிறான். அவன் கடனாளியாகச் சாகவில்லை, கடன் கொடுத்தவனாகச் செத்தான். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று 2021-இல் பங்கு பிரித்தார்கள். பங்கு பிரித்ததால் நேரத்துக்குப் பணம் வந்துவிடுகிறதா? ஃபீஸ் கட்டாதவன் பெயரைப் பலகையில் எழுதி ஒட்டுகிற கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன. தாமதம் பண்ணியது அரசு, தலைகுனிந்து நிற்பது மாணவன். நிலைமையைத் தலைகீழாக்குகிற இந்த வித்தையைத்தான் கொடைப் பேச்சு செய்கிறது.

பல்கலைக்கழகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலாயாவில் அது எழுந்தது நல்லது. டாக்டர்கள் வந்தார்கள், ஆசிரியர்கள் வந்தார்கள். 1962-இல் அது இரண்டாகப் பிரிந்து சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தனித்தனிப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. கல்வி நிலையம் எதுவானாலும் வளரட்டும். நாம் கேட்பது உரிமைப் பத்திரத்தை. கட்டியவன் வாசலில் நிற்கக்கூடாது, உள்ளே வரவேண்டும். உள்ளே வந்தவன் பிச்சை வாங்கவந்தவன் போல் கூனி நிற்கக்கூடாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நீங்கள் படிக்கிற கல்லூரியின் கல்வெட்டைப் படியுங்கள். கொடுத்த ஜமீன் யார், மடம் எது, மில் முதலாளி யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஜமீனில் பண்ணையாளாக இருந்தது யார், அந்த மடத்து நிலத்தை உழுதது யார், அந்த மில்லில் கைவிரலை இழந்தது யார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மலாயாவுக்கும் சிலோனுக்கும் பர்மாவுக்கும் போய்த் திரும்பாதவர்கள் பெயர் ஒவ்வொரு சேரியிலும் இன்னும் ஒன்றிரண்டு கிழவிகளுக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்கள் போய்ச் சேர்வதற்குள் எழுதுங்கள். பக்கத்தில் ஊர், தோட்டம், ஆண்டு, வாங்கிய கூலி, வாங்காத கூலி எல்லாம் குறியுங்கள்.

அடுத்த முறை எவனாவது வந்து "யார் அப்பன் வீட்டுக் காசுல படிக்கிற?" என்று கேட்டால், அந்த நோட்டைப் பிரித்து அவன் முன்னால் வையுங்கள். எங்க அப்பன் வீட்டுக் காசுதான். எங்க ஆத்தா வீட்டுக் காசும்தான்.